உளம் சார்ந்த உறக்கமின்மை: நோயறிதலும் பதிவும்

உறக்கத்தை இறைவனின் அருட்கொடையாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகின்றது. அந்நபஃ அத்தியாயம் அதனை ஓய்வு எனக் குறிப்பிடுகின்றது. அர்ரூம் அத்தியாயமோ அதனை இறை அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. இந்த அருட்கொடை ஒருவருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிட்டாமற் போகும்போது அவர் மருத்துவரை நாடுகின்றார். இரத்தப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை யாவும் சீராக உள்ளன. "உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனதில்தான்" என்ற சொற்களோடும் தூக்க மாத்திரைச் சீட்டோடும் அவர் வீடு திரும்புகின்றார்.

அன்றாடம் கேட்கும் இக்கூற்றில் இரு பிழைகள் உள்ளன. உடலில் கோளாறு காணப்படாமை, உளத்தில் கோளாறு உண்டு என்பதற்குச் சான்றாகாது. உளக் காரணத்திற்கு அதற்கேயுரிய சான்றுகள் வேண்டும். அடுத்து, உளத்தில் உள்ளது 'ஒன்றுமில்லை' ஆகாது. அதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, சிகிச்சை உண்டு. அவ்வாறாயின் உளம் சார்ந்த உறக்கமின்மை எவ்வாறு இனங்காணப்படுகின்றது, அது எவ்வாறு எழுதிவைக்கப்பட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. இவ்விரு வினாக்களும் மிகப் பழைமையானவை. எனவே அவற்றின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

ஜாலினூஸ் கண்ட பெண்மணி

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த மருத்துவர் கேலன், அரபு நூல்களில் ஜாலினூஸ் என அறியப்படுபவர். நோயின் போக்கை முன்னறிதல் பற்றிய தமது நூலில் அவர் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு படுக்கும் ஒரு பெண்மணியைப் பார்க்க அவர் அழைக்கப்பட்டார். முதலில் காய்ச்சல் உண்டா என ஆராய்ந்தார், இல்லை. உறக்கமின்மையை உண்டாக்கும் ஏனைய காரணங்களைக் குறித்து வினவினார். அப்பெண்மணி பதில் கூறத் தயங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்று, உடலின் கருப்பித்தத்தால் எழும் துயர நோய். அன்றேல், அவர் வெளியிட விரும்பாத ஒரு மனத்துயர் என்ற இரு சாத்தியங்களை ஜாலினூஸ் தம்முன் வைத்துக்கொண்டார்.

மறுமுறை அவர் நாடி பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அரங்கிலிருந்து வந்த ஒருவர், பைலடீஸ் என்ற கலைஞர் ஆடுவதைக் கண்டதாகக் கூறினார். உடனே அப்பெண்மணியின் முகம் நிறம் மாறியது, நாடி ஒழுங்கிழந்தது. இத்துடன் ஜாலினூஸ் முடிவுக்கு வந்துவிடவில்லை. மறுநாள் வேறொரு கலைஞரின் பெயரைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்; நாடி மாறவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பெயர், அப்போதும் மாறவில்லை. நான்காம் நாள் மீண்டும் பைலடீஸின் பெயர் சொல்லப்பட, நாடி மீண்டும் தடுமாறியது. அதன் பின்னரே காரணம் இன்னதெனத் தீர்மானித்தார்.

நாடியை வைத்து மனத்துயரை அறியும் முறை இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அவர் சென்ற பாதை நோக்கத்தக்கது. உடற்காரணத்தை முதலில் விலக்கினார். ஆனால் விலக்கியதை மட்டும் சான்றாகக் கொள்ளவில்லை. ஐயத்தைச் சோதித்தார், வேறு பெயர்களோடு ஒப்பிட்டார், மீண்டும் சோதித்தார், இறுதியில் எழுதிவைத்தார். உளக் காரணம் என்பது எஞ்சியதற்கு இடும் பெயராக அன்றி, தேடிக் கண்டடையும் உண்மையாக அவரிடம் இருந்தது.

முஸ்லிம் மருத்துவர்களின் பங்களிப்பு

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் ஜாலினூஸின் நூல்களை ஸிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தனர். அம்மரபைப் பெற்றுக்கொண்ட முஸ்லிம் மருத்துவர்கள் அதனைப் பல திசைகளில் வளர்த்தெடுத்தனர். அவர்களுள் மூவர் நமது பொருளோடு நேரடித் தொடர்புடையவர்கள்.

முதலாமவர் அபூபக்ர் அர்ராஸீ. நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள், கி.பி. 925 அளவில் அவர் மறைந்த பின்னர், 'அல்ஹாவீ' என்னும் பெருந்தொகுப்பாக உருப்பெற்றன. அவற்றுள் 33 நோயாளிக் குறிப்புகளை மாக்ஸ் மேயர்ஹோஃப் 1935இல் பதிப்பித்தார். தாம் ஐயுற்றதையும் நோய் பின்னர் எவ்வாறு சென்றது என்பதையும் மறையாமல் எழுதும் பழக்கம் அக்குறிப்புகளில் தெளிவாகத் தெரிகின்றது.

இரண்டாமவர் அபூ ஸைத் அல்பல்கீ. கி.பி. 934இல் மறைந்த இவ்வறிஞரின் 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' உடல், உளம் ஆகிய இரண்டின் நலத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசுகின்றது. உளம் பற்றிய பகுதியில் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் எனப்படும் மனத்தைத் துளைக்கும் எண்ணங்கள் ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்கின்றார். துக்கத்தைக் காரணம் அறியப்பட்டது, காரணம் அறியப்படாதது என அவர் இரண்டாகப் பிரித்தமை குறிப்பிடத்தக்கது. இந்நூலின் உளவியற் பகுதியை சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

மூன்றாமவர் இப்னு ஸீனா. 'அல்கானூன்' மூன்றாம் பாகத்தில் தலையின் நோய்களுள் ஒன்றாக ஸஹர் எனப்படும் உறக்கமின்மையை அவர் வைத்து, உடற்காரணங்களோடு கவலையையும் சேர்த்தே பேசுகின்றார். மறைத்துவைத்த காதலால் வாடுவோரிடம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நாடியை அவதானிக்கும் முறையையும் விளக்குகின்றார். உடலா, உளமா என்ற கேள்விக்கு இம்மூவரும் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளிவிடவில்லை. நவீன மருத்துவம் இந்நிலைப்பாட்டை அண்மையில்தான் மீண்டும் வந்தடைந்துள்ளது என்பதைப் பின்னர் காண்போம்.

எது உறக்கமின்மை?

குறைவாக உறங்குவோர் அனைவரும் உறக்கமின்மை நோயுடையவர் அல்லர். இரவுப் பணியாலோ கைபேசியாலோ உறங்க நேரம் ஒதுக்காதவருக்கு இருப்பது உறக்கப் பற்றாக்குறை. ஐந்தரை மணி நேரம் உறங்கியும் பகலில் உற்சாகமாக இருப்பவர் இயல்பிலேயே குறைவாக உறங்குபவர். இரவு இரண்டு மணிக்குப் படுத்தால் நன்கு உறங்கிக் காலை பத்து மணிக்கு எழுபவரின் சிக்கல் உடலின் நாட்கடிகாரம் பின்தள்ளிப்போனதாகும்.

உறங்கப் போதிய நேரமும் தக்க சூழலும் இருந்தும், உறக்கம் தொடங்காமை, இடையில் கலைதல், விடியுமுன் விழித்துப் பின் உறங்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அதனால் பகலில் களைப்பு, கவனக்குறைவு, எரிச்சல் போன்ற பாதிப்பும் இருத்தல் வேண்டும். இது வாரத்தில் 3 இரவுகளேனும் நிகழ்ந்து 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட உறக்கமின்மை எனப்படுகின்றது.

இங்கு நமது வாழ்க்கை முறையோடு தொடர்புடைய ஒரு நுணுக்கம் உண்டு. தஹஜ்ஜுத் தொழுகைக்காக விரும்பி எழுபவரும், உறக்கம் வராமல் அதே வேளையில் விழித்திருப்பவரும் ஏட்டில் ஒன்றுபோலவே தெரிவர். ஃபஜ்ருக்கு எழுதல், பகலில் கைலூலா எனும் சிற்றுறக்கம், ரமளானில் ஸஹர் உணவுக்காக முறியும் இரவு ஆகியவற்றை மருத்துவர் கேட்டறியாவிட்டால் ஆரோக்கியமானவரை நோயாளி எனவும், நோயாளியை வணக்கசாலி எனவும் கருத நேரிடும். நோயாளியும் இவற்றைத் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

உளக் காரணத்தை இனங்காணல்

முதற்படி, உடற்காரணங்களை ஆராய்தல். உரத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழித்தலும் உறக்கத்தில் மூச்சுத்தடைக்கான அறிகுறிகள். படுத்தவுடன் கால்களை அசைக்கத் தூண்டும் வேதனை, இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையதாக இருக்கலாம். தைராய்டு மிகை, நாட்பட்ட வலி, ஆஸ்துமா, ஸ்டீராய்டு மருந்துகள், மாலையில் அருந்தும் தேநீர், காபி ஆகியனவும் உறக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. இரவு முழுவதும் கருவிகள் பொருத்திச் செய்யப்படும் உறக்கப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மூச்சுத்தடை போன்ற ஐயம் எழுந்தால் மட்டுமே அது அவசியமாகின்றது.

இரண்டாம் படி, உளநோய்க்கான நேரடிச் சான்றுகளைத் தேடுதல். மனச்சோர்வு நோயில் விடியுமுன் விழித்தலும் காலையில் துயரம் மிகுதலும் காணப்படலாம். ஆனால் இவை மட்டும் போதா. முன்னர் மகிழ்வளித்தவற்றில் நாட்டமின்மை, குற்றவுணர்வு, பசிக் குறைவு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். மனப்பதற்ற நோயில் படுத்தபின் எண்ணங்கள் ஓயாமல் ஓடும். விபத்து, வன்முறை போன்றவற்றுக்கு ஆளானோரைக் கொடுங்கனவுகள் எழுப்பிவிடும். மூன்று மணி நேரம் மட்டுமே உறங்கியும் களைப்பின்றி, மிகையான உற்சாகத்தோடும் பெருந்திட்டங்களோடும் ஒருவர் இருந்தால் அது பித்து நிலையின் அறிகுறியாகலாம். இதனை உறக்கமின்மையுடன் கூடிய மனச்சோர்வு எனப் பிழையாகக் கொண்டு மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமடையக்கூடும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும். உறக்கமின்மை தற்கொலை அபாயத்தை உயர்த்தும் காரணிகளுள் ஒன்றாகும். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. ஒரு முஸ்லிமிடம் இக்கேள்வியைக் கேட்கலாகாது எனக் கருதுவோர் உளர். மார்க்கம் தடுத்துள்ளது என்பதாலேயே அவ்வெண்ணத்தை வெளியிட அவர் வெட்கப்படலாம். எனவே மென்மையாகக் கேட்பது இன்னும் அவசியமாகின்றது.

தொடக்கிய காரணமும் நீடிக்கச் செய்யும் காரணமும்

ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் முன்வைத்த விளக்கம் இத்துறையில் பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. உறக்கமின்மைக்கு மூவகைக் காரணிகள் உள்ளன: ஒருவரது இயல்பில் முன்னரே உள்ளவை, நோயைத் தொடக்கிவைப்பவை, அதனை நீடிக்கச் செய்பவை.

தந்தையை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதற்சில வாரங்கள் துக்கத்தால் அவருக்கு உறக்கம் இல்லை, இது இயல்பே. இழந்த உறக்கத்தை ஈடுசெய்ய அவர் இரவு ஒன்பது மணிக்கே படுக்கிறார், பகலில் இரண்டு மணி நேரம் உறங்குகிறார், நள்ளிரவில் பலமுறை கடிகாரம் பார்க்கிறார், மாலை வந்ததும் இன்றும் உறக்கம் வராதோ என அஞ்சுகிறார். ஓராண்டுக்குப் பின் துக்கம் தணிந்துவிட்டது. உறக்கமின்மை மட்டும் தணியவில்லை. இப்போது அதனை ஓட்டுவது அந்த அச்சமும் பழக்கமும்தான். படுக்கையே விழிப்புக்கான சமிக்ஞையாகிவிட்டது. இத்தகையோர் கூடத்தில் நாற்காலியில் கண்ணயர்ந்து, படுக்கைக்குச் சென்றதும் விழித்துக்கொள்வர். வெளியூரில் தங்கும்போது நன்கு உறங்குவதும் உண்டு.

அவரது ஏட்டில் 'தந்தை மறைவு' என்பது மட்டும் காரணமாக எழுதப்பட்டிருப்பின் சிகிச்சை வழிதவறிவிடும். ஆறுதல் சொல்வோர் துக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பர். பொறுமையில் குறைவு உண்டோ, ஈமானில் பலவீனமோ என அவரும் தம்மைத் தாமே நொந்துகொள்வார். இரு காரணங்களையும் பிரித்தெழுதுவதே நோயறிதலின் மையப்பணி எனலாம்.

நாட்குறிப்பும் அளவுகோலும்

நேற்றிரவு எவ்வளவு உறங்கினோம் என்பதில் மனித நினைவு பெரிதும் பிழைபடும். ஆகவே இரண்டு வாரங்களுக்கு உறக்க நாட்குறிப்பு எழுதும்படி நோயாளி கேட்டுக்கொள்ளப்படுகின்றார். படுத்த நேரம், உறங்க எடுத்துக்கொண்ட நேரம், விழித்த தடவைகள், இறுதியாக எழுந்த நேரம், பகல் உறக்கம், மருந்து ஆகியன ஒவ்வொரு காலையும் குறிக்கப்படும். வெவ்வேறு ஆய்வாளர்களின் படிவங்களை ஒன்றிணைத்த பொதுப் படிவம் 2012இல் வெளியானது. நமது வாசகர்கள் தொழுகைக்கு எழுந்ததைத் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். ரமளான் மாத நாட்குறிப்பை ஏனைய மாதங்களுடையதோடு கலத்தலாகாது.

இதிலிருந்து உறக்கத் திறன் கணிக்கப்படுகின்றது. இரவு 10 முதல் காலை 5 வரை படுக்கையில் இருந்த 420 நிமிடங்களில் 252 நிமிடங்களே உறங்கியவரின் உறக்கத் திறன் 60 விழுக்காடு. பொதுவாக 85 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பது நன்று எனக் கொள்ளப்படுகின்றது.

நோயின் கடுமையை அளக்க, 7 கேள்விகள் கொண்ட உறக்கமின்மைக் கடுமை அளவுகோல் பயன்படுகின்றது. இதன் மொத்த மதிப்பெண் 28. 15 முதல் 21 வரை நடுத்தரக் கடுமை, 22க்கு மேல் மிகுந்த கடுமை. மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 என்ற படிவம் உள்ளது. இப்படிவங்கள் நோயைத் தீர்மானிப்பவை அல்ல. மருத்துவரின் உரையாடலுக்குத் துணைநிற்பவை. சிகிச்சைக்குப் பின் மீண்டும் நிரப்பும்போது முன்னேற்றத்தைக் காட்டுபவை.

வகைப்பாடு மாறிய வரலாறு

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு உறக்கமின்மையை இரண்டாகப் பிளந்தது. உடல் சார்ந்தது நரம்பு நோய்களின் அத்தியாயத்தில் ஜி 47.0 என்றும், உடல் சாராதது உளநோய்களின் அத்தியாயத்தில் எஃப் 51.0 என்றும் குறியீடு பெற்றன. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடும் உறக்கமின்மையை முதன்மையானது, இன்னொரு உளநோயால் விளைந்தது எனப் பிரித்தது. இரண்டாம் வகையில் உறக்கமின்மை வெறும் அறிகுறியே. மனச்சோர்வு தீர்ந்தால் அதுவும் தீரும் எனக் கருதப்பட்டது.

ஆய்வுகள் இதனை மெய்ப்பிக்கவில்லை. மனச்சோர்வு தீர்ந்த பின்னரும் பலருக்கு உறக்கமின்மை நீடித்தது. இன்னும் பலருக்கு அதுவே முதலில் வந்தது. பல நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வு, மனச்சோர்வு இல்லாத உறக்கமின்மையாளர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, நன்கு உறங்குவோரினும் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. எது விதை, எது மரம் என உறுதியாகக் கூற இயலாத நிலையில், 2005இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, 'விளைந்த' உறக்கமின்மை என்பதினும் 'உடன் நிகழும்' உறக்கமின்மை என்ற சொல்லே தகுந்தது எனப் பரிந்துரைத்தது. 2013ஆம் ஆண்டுக் கையேடு பழைய பிரிவினையைக் கைவிட்டது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் உலக வகைப்பாடு, உறக்க நோய்களுக்கு உடலையும் உளத்தையும் பிரிக்காத தனி அத்தியாயத்தையே ஒதுக்கியது. உடலையும் உளத்தையும் ஒரே நூலில் அமைத்த அல்பல்கீயின் நோக்கை இது நினைவூட்டுகின்றது.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

இம்மாற்றத்தின் நடைமுறைப் பொருள் இதுதான்: மனச்சோர்வும் உறக்கமின்மையும் ஒருங்கே இருப்பின் இரண்டையும் எழுத வேண்டும். உறக்கமின்மை மட்டும் எழுதப்பட்டால் மனச்சோர்வு தொடராமல் விடப்படும். நோயாளி ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரையோடு இருப்பார். மனச்சோர்வு மட்டும் எழுதப்பட்டால் உறக்கத்திற்கென உள்ள சிகிச்சை அவருக்குக் கிட்டாது.

'உறக்கமின்மை, மன உளைச்சல், மாத்திரை இரவு ஒன்று' என்பது நாம் பரவலாகக் காணும் பதிவு. அடுத்த மருத்துவர் இதிலிருந்து எதையும் அறிய இயலாது. அதே நோயாளிக்கு இவ்வாறு எழுதலாம்: 'எட்டு மாதங்களாக வாரம் ஐந்து இரவுகள் உறக்கம் தொடங்கத் தாமதம். இரு வார நாட்குறிப்பில் உறக்கத் திறன் 60 விழுக்காடு. கடுமை மதிப்பெண் 19. குறட்டை, கால் வேதனை இல்லை, தைராய்டு சீர். தொடக்கம்: தந்தை மறைவு. நீடிப்பு: முன்னதாகப் படுத்தல், பகலுறக்கம், உறக்கம் பற்றிய அச்சம். உடன் நடுத்தர மனச்சோர்வு. பித்து நிலை வரலாறு இல்லை. தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை. முடிவு: நாட்பட்ட உறக்கமின்மை, மனச்சோர்வு நோய், இரண்டுக்கும் சிகிச்சை.' இங்கு 'மன உளைச்சல்' என்ற மங்கலான சொல் மறைந்து, ஒவ்வொரு வரியும் ஒரு செயலுக்கு வழிகாட்டுகின்றது.

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற்சிகிச்சையாக, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியற் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. உறக்கம் வந்தால் மட்டுமே படுத்தல், வராவிடில் எழுந்துவிடுதல், தினமும் ஒரே நேரத்தில் எழுதல், படுக்கையிலிருக்கும் நேரத்தைக் குறுக்குதல் ஆகியன அதன் கூறுகள். ஆனால் இருமுனை உளநோய் உள்ளவர்க்கு உறக்கத்தைக் குறுக்குவது பித்து நிலையைத் தூண்டக்கூடும். பித்து நிலை பற்றிய அந்த ஒரு வரி ஏட்டில் இருப்பது எத்துணை முக்கியம் என்பது இதனால் விளங்கும். பென்ஸோடயஸெபின் வகை மாத்திரைகள் சில வாரங்களுக்கே உரியவை. நெடுநாள் உட்கொண்டவர் அவற்றைத் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரகசியமும் உரிமையும்

நமது குடும்பங்களில் ஓர் அச்சம் உண்டு. மகளின் திருமணம், மகனின் வேலை ஆகியவற்றை எண்ணி, 'உளநோய் என எழுதிவிடாதீர்கள், தூக்கமில்லை என்று மட்டும் எழுதுங்கள்' என மருத்துவரிடம் வேண்டுவோர் பலர். இதனை அறியாமை எனத் தள்ளிவிட முடியாது. சமூகத்தின் கடுமையை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும் உண்மையை ஏட்டிலிருந்து நீக்குவதால் நோயாளியே தண்டிக்கப்படுகின்றார். அடுத்த மருத்துவர் அபாயத்தை அறியாமலே மருந்து தருவார். பதிவு முழுமையாகவும், அதனைக் காண்போர் வட்டம் குறுகியதாகவும் இருப்பதே இதற்குத் தீர்வு.

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இதற்கு வழிசெய்துள்ளது. உளநோய் உள்ளவரது உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 23ஆம் பிரிவும், தமது மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவும் அளிக்கின்றன. உடல்நோய்க்கு உள்ளது போன்றே உளநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என 21ஆம் பிரிவு கூறுகின்றது. எழுதப்படாத நோய்க்கு இக்காப்பீட்டைக் கோர இயலாது.

நோயாளி தம் நிலையை வெளியிடுவது ஓர் அமானிதத்தை ஒப்படைப்பதாகும். மருத்துவர், மருத்துவமனை எழுத்தர், ஆறுதல் தேடிச் செல்லப்படும் ஆலிம், உறவினர் யாவரும் அதற்குப் பொறுப்பாளிகள். பல இரவுகள் உறங்காத ஒருவர் நம்மிடம் வரும்போது, ஓதவேண்டிய துஆவைக் கற்றுத்தருவதோடு, இரண்டு வார நாட்குறிப்பு எழுதவும் அதனோடு தகுந்த மருத்துவரைக் காணவும் துணைநிற்போமாயின், அவரது நோய் பெயரோடும் அளவோடும் ஏட்டில் ஏறும். சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகின்றது.